அந்த அலகுப் பிழையை எழுதலாமா?

கேள்வி:

மதிப்புக்குரிய மடம், யாழ்ப்பாணத்தில் படித்து, கலாநிதிப் பட்டம் முடித்த பிறகு அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் போஸ்ட்டொக் ஆய்வாளராக இருந்தேன். நிலத்தடி நீரின் இரசாயனம் என் துறை. போன வருஷம் ஊருக்குத் திரும்பி இப்போது விரிவுரையாளராக இருக்கிறேன். அங்கு என் மேற்பார்வையாளராக இருந்த பேராசிரியரை, போஸ்ட்டொக்குகளுக்குச் சிறப்பாக வழிகாட்டும் ஆசிரியருக்கான விருதுக்கு முன்மொழிந்திருக்கிறார்கள். என்னிடமும் ஒரு கடிதம் கேட்டு இமெயில் வந்தது. இரண்டு பக்கத்துக்கு மேற்படக் கூடாதாம். வெள்ளி மாலை 5 மணி கடைசி.

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். வாசித்துப் பார்த்தால் மணிவிழா மலர் ஆசிச்செய்தி மாதிரி இருக்கிறது. உண்மையில் முதல் எட்டு மாதம் அவரைக் காண்பதே அரிது. நான் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் புதன்கிழமை தோறும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினார். அதன் பிறகு அவர் செய்தவை நிறைய. நான் கொண்டுபோன யாழ்ப்பாணக் கிணற்றுத் தரவை வைத்து எழுதிய கட்டுரையில் நைத்திரேற்று (உரத்திலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் உப்பு) அளவின் அலகை மாற்றிப் போட்டுவிட்டேன். கட்டுரை சஞ்சிகைக்குப் போன பிறகுதான் கண்டுபிடித்தோம். மறுநாளே அவர் சஞ்சிகை ஆசிரியருக்கு எழுதினார். 'நான் சரிபார்க்கத் தவறினேன்' என்பதுதான் முதல் வரி. பிறகு ஆய்வுகூடம் முழுவதற்கும் அலகு எழுதும் ஒழுங்கு ஒன்றை என்னைக் கொண்டே எழுதுவித்தார். ஆனால் இதை எழுதினால் என் மானம்தானே போகும்?

என்னோடு இருந்த வேறு நாட்டுப் பெண் ஒருத்தி அவரோடு ஒத்துவராமல் இடையில் விலகிப் போனாள். விசா நீடிப்புக் கடிதம் பிந்தியதுதான் அவளுக்குப் பெரிய மனத்தாக்கம். அவளை நினைத்தால் கை வருகுதில்லை. அவருடைய சிபாரிசுக் கடிதம் எனக்கு இனியும் தேவைப்படும் என்பதும் உறுத்துகிறது. அம்மா சொல்கிறா, "அந்த மனுசன் உன்னை நல்லாத்தானே வைச்சிருந்தவர், நாலு நல்ல சொல்லு எழுதிவிடன்" என்று. என்ன செய்யட்டும்? இங்கேயும் இப்படி ஒரு விருது வைக்கலாமா என்று எங்கள் பீடத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கொக்குவிலிலிருந்து ஒரு விரிவுரையாளர்

பதில்:

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் அம்மாவின் மனம் எனக்கு விளங்குது. ஆனால் நாலு நல்ல சொல்லு அங்கே விலைப்படாது. வெளிநாட்டில் வேலை செய்த காலத்தில் இப்படி ஒரு விருதுக் குழுவில் ஆறு வருஷம் இருந்தேன். கோவைகள் மேசையில் வந்து குவியும். அன்பானவர், தாராளமானவர், எப்போதும் கதவு திறந்திருக்கும் என்று எல்லாக் கடிதமும் ஒரே குரலில் பேசும். பத்தாவது கடிதத்துக்கு மேல் எந்தப் பேராசிரியரைப் பற்றி வாசிக்கிறோம் என்றே மறந்துபோகும். பெயரை வெட்டி இன்னொரு பெயரை ஒட்டினாலும் கடிதம் அப்படியே பொருந்தும்.

எங்களுக்கு இந்த நோய் கொஞ்சம் கூட. வீரசிங்கம் மண்டபத்திலோ கைலாசபதி அரங்கிலோ ஒரு பாராட்டு விழாவுக்குப் போய் வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொன்னாடை, மாலை, 'கல்விக்கடல்', பிறகு ஒரு மலர். நான் ஓய்வு பெற்றபோது எனக்கும் ஒரு மலர் போட்டார்கள். அதில் ஒரு பெரியவர் என் துறையையே மாற்றி எழுதி, என்னைத் தாவரவியலில் கரைகண்டவர் என்று வாழ்த்தியிருந்தார். நான் படிப்பித்தது உயிர் இரசாயனம். அன்புதான், அதில் குறை இல்லை. ஆனால் அந்த மலரை வாசிக்கும் ஒருவருக்கு நான் யாரை வளர்த்தேன், எப்படி வளர்த்தேன் என்று ஒன்றும் பிடிபடாது.

அந்த ஆறு வருஷத்தில் மனதில் நின்றவை இரண்டு மூன்று கடிதங்கள்தான். ஒருவர் எழுதியிருந்தார்: வேலைக்கு விண்ணப்பித்து நேர்முகங்களுக்காக அவர் ஊர் ஊராகத் திரிந்த இரண்டு மாதமும், சனி ஞாயிறுகளில் ஆய்வுகூடத்தில் வளரும் உயிர்க்கலங்களுக்கு ஊட்டம் மாற்றும் அவருடைய முறையைப் பேராசிரியரே வந்து செய்தாராம். அறுபது வயதுக்காரர், ஞாயிறு காலை, குளிர்நாட்டில். அந்த வரியை வாசித்த பிறகு குழுவில் ஒருவரும் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். போஸ்ட்டொக் என்பவர் கலாநிதிப் பட்டம் எடுத்த பிறகு, சொந்தக் காலில் நிற்கும் ஆய்வாளராக ஆவதற்கு முன்னால், இன்னொருவரின் ஆய்வுகூடத்தில் சில வருஷம் வேலை செய்பவர். மாணவர் என்றும் சொல்ல முடியாது, நிரந்தர உத்தியோகத்தர் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பெரும்பாலும் பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்துதான் சம்பளம் வரும். ஆகவே படிப்பிப்பவரும் முதலாளியும் ஒரே ஆள். வெளிநாட்டிலிருந்து போனவர் என்றால் விசாக் கடதாசியும் அந்த ஆளின் கையெழுத்தில் தொங்கும். பலர் போகும் ஜே-1 ஆய்வாளர் விசாவுக்கு உச்சம் ஐந்து வருஷம். அதற்குள் கட்டுரை வரவேணும், வேலையும் கிடைக்கவேணும். பேராசிரியருக்குச் சின்ன மறதி, போஸ்ட்டொக்குக்கு ஒரு வாழ்க்கை.

இவ்வளவு இருந்தும் இந்த வழிகாட்டல் கனகாலம் கணக்கில் வரவில்லை. கட்டுரையை எண்ணலாம், மானியத்தை எண்ணலாம். ஒரு ஆளை எப்படி எண்ணுவது? கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறியது. அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம் 2009 தொடக்கம், போஸ்ட்டொக்குக்குப் பணம் கேட்கும் விண்ணப்பத்தோடு வழிகாட்டல் திட்டம் ஒன்றையும் இணைக்கச் சொன்னது. பிரித்தானியாவில் 2019இல் திருத்திய ஆய்வாளர் உடன்பாடு, தொழில் வளர்ச்சிக்காக வருஷத்தில் குறைந்தது 10 நாள் ஆய்வாளருக்குக் கிடைக்கவேணும் என்கிறது. 'நேச்சர்' சஞ்சிகை 2005 தொடக்கம் விஞ்ஞான வழிகாட்டலுக்கென்றே விருது கொடுக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாடு அல்லது பிரதேசம் என்று சுற்றிவரும். உங்கள் பேராசிரியரின் பல்கலைக்கழகம் தருவதும் இந்த வழியில் வந்த ஒன்றுதான். ஆகவே நீங்கள் எழுதப்போவது ஒரு உபசார மடல் ஆகாது. எண்ண முடியாத ஒன்றுக்கு நீங்கள் சாட்சி சொல்லப்போகிறீர்கள்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த அலகுப் பிழையை எழுதுங்கள். கடிதத்தின் நடுவில் ஒளித்து வைக்காமல் முதற் பந்தியிலேயே வையுங்கள்.

என்ன நடந்தது என்று வடிவாக யோசித்துப் பாருங்கள். நைத்திரேற்றை இரண்டு விதமாக எழுதுவார்கள். நைத்திரேற்றாகவே எழுதினால் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கெடுத்தால் அமெரிக்க எல்லை 10 மில்லிகிராம். ஒரே தண்ணீரை இந்த இரண்டு விதத்திலும் எழுதினால் எண்களுக்கு இடையில் 4.43 மடங்கு. நைத்திரேற்றாக 30 இருக்கும் ஒரு கிணறு எந்தக் கணக்கிலும் எல்லைக்குள்தான் நிற்கும். அதே 30ஐ நைதரசன் என்ற தலைப்பின் கீழ் போட்டால், அமெரிக்க வாசகருக்கு அது எல்லையை மூன்று மடங்கு தாண்டிய நஞ்சுக் கிணறு. உங்கள் பிழை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாரதூரமானதுதான். வருஷம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத குடாநாடு எங்களது. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிய மழையைத்தான் அள்ளிக் குடிக்கிறோம், அதே தண்ணீரைத்தான் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம், போட்ட உரமும் அதே கல்லுக்குள்தான் இறங்குகிறது. நல்ல கிணற்றைக் கெட்டது என்று எழுதினால் ஒரு ஊரே பயப்படும். கெட்டதை நல்லது என்று எழுதினால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

அப்படிப்பட்ட பிழை வெளியே போன அடுத்த நாள் அந்த மனுசன் என்ன செய்தார்? 'என் போஸ்ட்டொக் விட்ட பிழை' என்று எழுதியிருக்கலாம். அது உண்மையும்தான், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் 'நான் சரிபார்க்கத் தவறினேன்' என்று தொடங்கினார். தன் பெயரில் ஒரு கீறல் விழட்டும் என்று விட்டார். பிறகு உங்களைக் கொண்டே ஒழுங்கை எழுதுவித்தார், அதாவது பிழை விட்ட ஆளையே அந்த விஷயத்தில் ஆய்வுகூடத்துக்கு வாத்தியார் ஆக்கினார். எனக்கு முதலாவதை விட இந்த இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. பழியை ஏற்பது ஒருநாள் பெருந்தன்மை. மற்றது, நீங்கள் அடுத்த நாள் தலை நிமிர்ந்து ஆய்வுகூடத்துக்குள் வருவதற்கு அவர் போட்ட பாதை. ஆளுக்கு நட்டம் வரும் இடத்தில் என்ன செய்கிறார் என்றுதான் குழு தேடும். உங்களிடம் அது கையில் இருக்கிறது. மூன்று தரம் அதை விட்டுவிட்டு எழுதினபடியால்தான் மூன்று தரமும் ஆசிச்செய்தி வந்தது.

மானம் போகும் என்கிறீர்கள். அலகு மாற்றிப் போடாத நீர் இரசாயனக்காரர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள், பிறகு கதைப்போம்.

அந்த எட்டு மாதத்தையும் விடவேண்டாம். இரண்டு வசனம் போதும்: முதல் எட்டு மாதம் நேரம் கிடைக்கவில்லை, நான் சொன்னேன், அதன் பிறகு புதன்கிழமை ஒன்றும் தவறவில்லை. (உண்மையில் தவறவில்லையா என்று பழைய நாட்குறிப்பைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தவறியிருந்தால் 'பெரும்பாலும்' என்று போடுங்கள்.) குறையே இல்லாத கடிதத்தைக் குழு நம்பாது. அதைவிட, கீழே இருக்கும் ஒருவர் வந்து குறை சொன்னால் கோபிக்காமல் தன் வழக்கத்தை மாற்றுகிற பேராசிரியர் எத்தனை பேர்? எங்கள் பக்கத்தில் மேற்பார்வையாளரிடம் போய் 'உங்களைக் காணக் கிடைக்குதில்லை' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த ஆறு மாதம் நிச்சயமாகக் காணக் கிடைக்காது.

இன்னொன்றை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கிணற்றுத் தரவு நீங்கள் கொண்டுபோனது. அவருடைய மானியம் வேறு எதற்கோ கிடைத்திருக்கும், அப்படியிருந்தும் உங்கள் ஊர்க் கிணற்றில் வேலை செய்ய விட்டிருக்கிறார். இப்போது அந்தக் கேள்வி யாரிடம் இருக்கிறது? கொக்குவிலில் உங்களிடம் இருக்கிறது என்றால், அதை ஒரு பந்தியாக எழுதுங்கள். போஸ்ட்டொக் வெளியேறும்போது எதைக் கையோடு கொண்டுபோகலாம் என்பதில்தான் கன ஆய்வுகூடங்களில் மனக்கசப்பு வரும். நல்லவர்கள் அதை முதல் வருஷமே கதைத்து முடிவெடுத்து விடுவார்கள்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனை எடுங்கள். 1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் பீற்றர் மூரிடம் போஸ்ட்டொக்காகப் போய், ரைபோசோமின் (கலத்துக்குள் புரதம் செய்யும் பொறி, இரண்டு துண்டாக இருக்கும்) சின்னத் துண்டில் வேலை தொடங்கினார். பிறகு ஐம்பது பல்கலைக்கழகங்கள் அளவில் விண்ணப்பித்தும் ஒரு ஆசிரியர் பதவி கிடைக்கவில்லை. பெரும்பாலும் ஆய்வு நிறுவனங்களில் இருந்தபடி அதே கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்தார். 2000இல் அவருடைய குழு சின்னத் துண்டின் கட்டமைப்பைத் தீர்த்தது. அதே வருஷம் மூரும் தோமஸ் ஸ்ரைற்சும் யேலில் பெரிய துண்டைத் தீர்த்தார்கள். 2009 நோபல் பரிசு ராமகிருஷ்ணனுக்கும் ஸ்ரைற்சுக்கும் அடா யோனத்துக்கும் போனது. மூர் அதில் இல்லை. போஸ்ட்டொக் ஒரு துண்டைக் கொண்டுபோக, பழைய வழிகாட்டி மற்றத் துண்டில் நின்று வேலை செய்தார். உங்கள் கிணற்றுக் கேள்விக்கு நோபல் கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. கேள்வி கைமாறுவது என்றால் என்னவென்று காட்டத்தான் சொன்னேன்.

இப்போது அந்தப் பெண்ணின் விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் மதிப்பு வந்த இடம் இதுதான், விடை சொல்லக் கஷ்டமான இடமும் இதுதான்.

என் கதையைச் சொல்கிறேன். என் ஆய்வுகூடத்திலிருந்தும் ஒரு பெடியன் இடையில் விலகிப் போனான். வேறு வேலை கிடைத்தது என்றுதான் சொன்னான், நானும் நம்பினேன். நாலு வருஷம் கழித்து வேறொருவர் மூலம்தான் கேள்விப்பட்டேன்: அவன் தகப்பன் ஊரில் சுகமில்லாமல் இருந்த நேரம், லீவு கேட்கப் பயந்து கேட்காமலே விட்டு, செத்தவீட்டுக்கும் போகாமல் இருந்திருக்கிறான். லீவு கேட்டால் கொடுத்திருப்பேன். கேட்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு வரும்படி நான் நடந்துகொள்ளவில்லை. அதே வருஷம் அதே ஆய்வுகூடத்திலிருந்து இன்னொருத்தி என்னைப் புகழ்ந்து கடிதம் எழுதினாள். அவள் எழுதியது பொய் இல்லை. அவன் பட்டதும் பொய் இல்லை.

ஆகவே உங்களுக்குக் கிடைத்ததை எழுதுவது அவளுக்குச் செய்யும் துரோகம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் 'எல்லாரையும்', 'எப்போதும்', 'தன் போஸ்ட்டொக்குகள் அனைவரையும்' போன்ற சொற்கள் வரக்கூடாது. வந்தால் அங்கேதான் துரோகம். 'எனக்கு', 'நான் கண்ட அளவில்' என்று நில்லுங்கள். அவளுடைய கதையை நீங்கள் எழுதவும் வேண்டாம். அது அவளுடையது. நீங்கள் பாதிதான் அறிவீர்கள், அவளும் உங்களுக்கு அனுமதி தரவில்லை. அவளுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: இப்படி ஒரு கடிதம் கேட்டிருக்கிறார்கள், நான் எனக்கு நடந்ததை மட்டும் எழுதப்போகிறேன், நீ ஏதாவது சொல்ல விரும்பினால் இன்ன முகவரியில் சொல்லலாம். அவள் மறுமொழி போடாமலும் விடலாம். போட்டு உங்களைத் திட்டவும் கூடும். ஆனால் வேறு யாரோ சொல்லி அவள் அறிவதைவிட இது மேல். நல்ல குழுக்கள் வெவ்வேறு காலத்தில் இருந்தவர்களிடமும், விலகிப் போனவர்களிடமும் தாங்களாகவே கேட்கும். கேட்காத குழுக்களும் உண்டு, அந்தக் குறைக்கு நீங்கள் பொறுப்பாளி இல்லை.

ஒன்று மட்டும் யோசியுங்கள். விசாக் கடிதம் பிந்தியது அவளுக்கு அந்த ஒரு தடவை மட்டும்தானா, உங்களுக்கும் பிந்தியதா, மற்றவர்களுக்கும் பிந்தியதா? வழமையாகவே பிந்தியதென்றால், அலகுப் பிழையில் காட்டிய பெருந்தன்மை அதைச் சமப்படுத்தாது. அப்படியானால் கடிதமே எழுதாமல், நேரம் கிடைக்கவில்லை என்று மரியாதையாக ஒதுங்கலாம். அதை நீங்கள்தான் அறிவீர்கள். இங்கிருந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சிபாரிசுக் கடிதம் தேவைப்படும் என்ற உறுத்தலுக்கு மருந்து சின்னது. கடிதத்தை அவருக்கு அனுப்பாமல் நேரே விருது அலுவலகத்துக்கு அனுப்புங்கள், இரகசியமாக வைத்திருப்பார்களா என்று முதலில் கேளுங்கள். கடைசிப் பந்தியில் 'இவர் இன்னமும் எனக்குச் சிபாரிசு தருபவர்' என்று ஒரு வரி போடுங்கள். மறைக்காமல் சொல்லிவிட்டால் பிறகு உறுத்த ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்குள் அவரிடம் ஏதும் கேட்கப்போகிறீர்கள் என்றால் அதை விருது முடிவு வந்த பிறகு கேளுங்கள்.

இங்கே ஒரு விருது வைப்பது பற்றி. என் அபிப்பிராயம், இப்போது வேண்டாம். எங்களிடம் போஸ்ட்டொக் பதவிகளே மிகக் குறைவு. இருப்பவர்கள் ஆய்வு உதவியாளர்களும், ஒப்பந்தத்தில் வருகிற தற்காலிக உதவி விரிவுரையாளர்களும், உங்களைப் போல வெளியில் போஸ்ட்டொக் முடித்துத் திரும்பி வெறும் மேசையோடு நிற்பவர்களும்தான். விருது என்று தொடங்கினால் இரண்டாம் வருஷமே அது சிரேஷ்டத்துவ ஒழுங்கில் போகத் தொடங்கும், மூன்றாம் வருஷம் பொன்னாடை வரும். கேட்கிறவரிடம் சொல்லுங்கள்: முதலில், பீடத்தை விட்டுப் போகும் ஒவ்வொரு இளம் ஆய்வாளரிடமும், மேற்பார்வையாளர் இல்லாத அறையில், இரண்டு கேள்வி கேட்கட்டும். யார் உங்களுக்கு நேரம் தந்தார்? எதைக் கையோடு கொண்டு போகிறீர்கள்? ஐந்து வருஷம் விடைகளைச் சேர்க்கட்டும். யாருக்கு விருது கொடுப்பது என்று பிறகு கூட்டம் வைத்து யோசிக்க வேண்டியிராது. நீங்களும் அந்தப் பீடத்தில் ஆள்தான், உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைக்கு எந்தக் கிழமை எத்தனை மணி என்று குறித்துவிட்டீர்களா?

வெள்ளி மாலை 5 மணி என்பது அங்கத்தைய நேரம். இப்போது அங்கே கோடை நேரம் என்றபடியால் எங்களுக்குச் சனி அதிகாலை 2.30. அதை நம்பி விழித்திருக்காமல் வியாழன் இரவே அனுப்பிவிடுங்கள், இணையம் எப்போது படுக்கும் என்று தெரியாது. அனுப்ப முதல், மில்லிகிராம் என்று வரும் இடமெல்லாம் அலகு சரியோ என்று ஒருக்காப் பாருங்கள்.